கோபப்படுங்க ஆன்ட்டி

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் கிளினிக்கில்தான் என் கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டுக்கொண்டேன். அதே நாற்காலியில் நெற்றிக்கு ஊசி போட்டுக்கொள்ள உட்காருவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

"பல் டாக்டருக்கு நெத்தியில என்னடி வேலை?" என்று மகளிடம் கேட்டேன்.

"இப்பல்லாம் அவங்களும் போடறாங்கம்மா. அதுக்குன்னு தனியா படிச்சிருக்காங்க."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை வீட்டார் அடையாறில் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், அந்தப் பையன் மகளுக்கு போன் செய்து, "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டிருக்கிறான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. கேசரிகூட இரண்டாவது தடவை வைத்தேன். ஆனால் என் புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரையோ திட்டிவிட்டு வந்தவள் போலத்தான் இருப்பேன். நிச்சயதார்த்த போட்டோவிலாவது அம்மா உர்ரென்று இருக்கக் கூடாது என்பது மகளின் ஆசை. கோடு தெரியாமல் இருக்க நெற்றியில் போடாக்ஸ் ஊசி போட அவளே நாள் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தக் கோடுகள் சும்மா வந்தவை அல்ல. விருந்தாளி முன்னால் பிள்ளையை வாயால் கண்டிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எல்லாம் புருவம்தான். இன்னொரு முறுக்கு எடுக்கலாமா என்று சின்ன வயதில் மகள் என் முகத்தைப் பார்ப்பாள். சுளித்தால் கை தட்டிலிருந்து திரும்பிவிடும். சுளிக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்து இன்ஜினியர் ஆன பிறகும் தி. நகர் புடவைக் கடையில் ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பாள். மூஞ்சியைச் சுளிக்காதே என்று சண்டை போடுவதும் அவள்தான்.

கிளினிக்கில் நாற்காலி பின்னால் சாய்ந்ததும் பழக்கதோஷத்தில் வாயைப் பிளந்தேன்.

"வாயை மூடிக்கலாம் ஆன்ட்டி," என்றார் டாக்டர். சின்னப் பெண். விளக்கை நெற்றிக்குத் திருப்பிவிட்டு, கையில் வெள்ளை பென்சிலுடன், "இப்ப கோபப்படுங்க," என்றார்.

"யார் மேல?"

"யார் மேல வேணாலும். நல்லா சுளிங்க, அப்பதான் எங்க போடணும்னு தெரியும்."

எனக்கா கோபப்படத் தெரியாது? பார்க்கிங்கில் வண்டியை இடித்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்த கீழ்வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். "சூப்பர் ஆன்ட்டி," என்று புள்ளி வைத்தார். ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் வரை நெற்றியைத் தொடக் கூடாது, பொட்டுகூட வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கீழே பூ விற்கிற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா, நெத்தி காலியா கீது? ஊட்ல ஐயா நல்லாத்தானே கீறாரு?" நல்லாத்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

சில நாட்களில் மருந்து வேலை செய்தது. கண்ணாடி முன் நின்று சுளித்துப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. கீழ்வீட்டுக்காரரை நினைத்தேன், அப்போதும் நகரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மகள் என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பதாம்மா நீ அழகா இருக்கே," என்றாள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

நிச்சயதார்த்தம் தி. நகரில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. என் வீட்டுக்காரர் பந்தியைக் கவனிக்கப் போயிருந்தார். தட்டு மாற்றுவதற்காக நானும் சம்பந்தியம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மகள் எனக்குச் சற்றுத் தள்ளி. சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, அன்பாகவே கேட்டார்.

"கல்யாணத்துக்கப்புறம் இந்த சைட்டு, வெயில்னு அலையறதெல்லாம் வேணாம்மா. வேலைய விட்டுடு. எங்க வீட்ல உனக்கு என்ன குறை? என்ன சொல்றே?"

பழைய கட்டடங்கள் தாங்குமா, இடிக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. தலை நிறைய சிமென்ட் தூசியோடு வந்து, குளிக்கக்கூடப் போகாமல், எந்தத் தூண் எப்படி விரிசல் விட்டிருந்தது என்று கதை சொல்வாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கிறது?

மகள் என்னைப் பார்த்தாள். முறுக்குத் தட்டின் முன் நின்று பார்த்த அதே பார்வை.

நான் சுளித்தேன். உயிரைக் கொடுத்துச் சுளித்தேன். காதோரம் நரம்பு இழுத்தது, கண்ணில் நீர்கூட முட்டியது. நெற்றி மட்டும் அசையவில்லை.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தலையைக் குனிந்து, "சரிங்க ஆன்ட்டி," என்றாள்.

சட்டத்தை மீறியாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சம்பந்தியம்மா தட்டிலிருந்து ஒரு பெரிய கற்கண்டை எடுத்து என் வாயில் போட்டுவிட்டார். "நல்ல வார்த்தை சொன்னா உங்க பொண்ணு! நீங்களும் எவ்ளோ சாந்தமா இருக்கீங்க சம்பந்தி," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோக்காரர், "ஆன்ட்டி, அப்படியே இருங்க," என்றார்.

திரும்பும்போது காரில், "ஏண்டி சரின்னே?" என்று கேட்டேன்.

"உன்னைத்தானேம்மா பாத்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. உனக்கு சம்மதம்னு நெனச்சேன்."

"ஊசிடி. வரலைடி எனக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர், "சபையில அவளே வாயால சொன்னது. இனிமே எந்த முகத்தோட போய் மாத்திப் பேசறது?" என்றார். "விடும்மா," என்றாள் அவளும்.

மறுநாள் காலை கிளினிக்குக்கு போன் செய்து, போட்டதை எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுக்க முடியாதாம். அதுவாகத்தான் போக வேண்டுமாம். "ஏன் ஆன்ட்டி, நல்லாத்தானே செட் ஆயிருக்கு?" என்று டாக்டர் கேட்டார். போனை வைத்துவிட்டு அழுதேன். அழும்போதும் நெற்றி வழவழவென்றுதான் இருந்திருக்கும்.

கல்யாணம் ஆயிற்று. கோடுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன. அடுத்த ஊசிக்கு கிளினிக்கிலிருந்து அவ்வப்போது கூப்பிடுகிறார்கள், நான் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் சம்பந்தியம்மாவும் வேளச்சேரியிலிருந்து வந்திருந்தார்கள். பழைய ஆபீசிலிருந்து மகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. "இப்ப எதுக்குமா அதெல்லாம்?" என்றார் சம்பந்தியம்மா. நான் நன்றாகவே சுளித்தேன். இரண்டு கோடும் ஆழமாக விழுந்ததை என்னாலேயே உணர முடிந்தது.

"சரிங்கத்தை," என்றாள் மகள். என் பக்கம் திரும்பவே இல்லை.