பின் படுக்கையில் பாரம்

இது நடந்தது. நம்ப வைக்க நான் முயலப் போவதில்லை. அன்று பக்கத்து இருக்கையில் என் மனைவி நெரிடா இருந்தாள். அவளும் இதையேதான் சொல்வாள், பேசச் சம்மதித்தால்.

கேரவன், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு, பழையது. இருபத்தோரு அடி. வையாலாவில் பிரான்வின் என்ற பெண்ணிடம் வாங்கினோம். அவளுடைய அப்பாவின் கேரவன். அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். எங்கள் கார் நடுத்தர அளவு; அந்த நீளத்துக்குச் சற்றுச் சிறியதுதான். அதனால் கவனமாக இருந்தேன். எடை மேடையில் நிறுத்திப் பார்த்தேன். கனமான சாமான்களைச் சக்கரங்களுக்கு மேலே வைத்துக் கட்டினேன். பின்கோடியில் வெறும் படுக்கை. அங்கே பாரம் கூடினால் கேரவன் வாலாட்டும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

செடுனாவில் பெட்ரோல் போடும்போது ஒரு லாரி டிரைவர் எங்களைச் சுற்றிவந்து பார்த்தான்.

"ஏன் பெருசு, நீ இதை இழுக்கிறியா, இது உன்னைத் தள்ளுதா?"

"இதுவரைக்கும் நான்தான் இழுக்கிறேன்."

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"வாய மூடிட்டு ரோட்டப் பாருன்னு சொல்றேன். ரெண்டு பேருக்குமே," என்றாள் நெரிடா.

சூரியன் சாயும் நேரம். மேற்கே போய்க்கொண்டிருந்தோம். கங்காருக்கள் சாலைக்கு வருவதற்குள் எங்காவது நிறுத்திவிட வேண்டும். காற்று இல்லை. நேர்ச் சாலை. இருட்டத் தொடங்கியதும் முன்விளக்கைப் போட்டேன்.

கொஞ்ச தூரத்தில் அந்த வெளிச்சம் தாழ்ந்தது.

விளக்கில் கோளாறு இல்லை. காரின் பின்பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. கேரவனுக்குள் பாரம் பின்னால் நகர்ந்தால்தான் அப்படி ஆகும்...

கட்டு அவிழ்ந்துவிட்டதா?

பக்கக் கண்ணாடியில் கேரவனின் வால் எட்டிப் பார்த்தது. இடது பக்கம். பிறகு வலது.

வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோ கரகரத்தது. அதே லாரிக்காரன். எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"பெருசு... உள்ள யாரு?"

"யாருமில்ல."

"வெளையாடாத. பின் படுக்கையில ஒரு அம்மா படுத்திருக்காங்க. ஜன்னல் வழியா என் வெளிச்சத்துல தல தெரியுது."

நெரிடா என் முழங்காலைப் பிடித்தாள்.

ஆட்டம் பெரிதானது. இந்த நேரத்தில் கால் பிரேக்கைத் தொடக்கூடாது. கேரவன் தள்ளிப் புரட்டிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கேரவனுக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன்.

அடங்கவில்லை.

காரின் பின்பக்கம் பக்கவாட்டில் இழுபட்டது. ஒரு சக்கரம் மண்ணில் இறங்கியது.

"அந்தம்மாவ முன்னாடி வரச் சொல்லுய்யா!" ரேடியோவில் லாரிக்காரன் கத்தினான்.

நெரிடா மைக்கைப் பிடுங்கினாள்.

"முன்னாடி வாங்க! தயவுசெஞ்சு முன்னாடி வாங்க!"

தட்.

ஸ்டியரிங்கில் உணர்ந்தேன்.

தட்... தட்...

ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் கொஞ்சம் உயர்ந்தது.

கேரவன் நேரானது.

ஓரம்கட்டி நிறுத்தினேன். லாரியும் நின்றது. மூவரும் போய்க் கதவைத் திறந்தோம். கட்டியது கட்டியபடியே இருந்தது. ஆள் இல்லை.

முன்பக்க மேசையோரம் இருக்கை மெத்தையில் ஒரு பள்ளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக நிமிர்ந்தது...

படியில் நின்ற நெரிடா சட்டென்று ஒதுங்கினாள்.

"ஏன் விலகினே?"

"தெரியல. வழி விட்டேன்."

லாரிக்காரன் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

இரவு காரிலேயே உட்கார்ந்திருந்தோம். காலையில் பிரான்வினைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு இடுப்பு வலி. ஓடுற கேரவன்ல ஆள் இருக்கக்கூடாதுதான். ஆனா அவங்க பின் படுக்கையிலதான் வருவாங்க. கேரவன்லயும் ஒரு ரேடியோ உண்டு. ஆட ஆரம்பிச்சா அப்பா அதுல கூப்பிடுவாரு. முன்னாடி வந்து உக்காந்துக்குவாங்க."

"அப்புறம்?"

"கடைசித் தடவையும் கூப்பிட்டாரு. வந்தாங்க. வண்டி நேராச்சு. கையிலயே தெரிஞ்சுதுன்னு அப்பா இப்பவும் சொல்றாரு. ஊர் வந்து திறந்து பாத்தா, பின் படுக்கையில செத்துக் கிடந்தாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"காலையிலயே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பா கூப்பிட்டது சாயங்காலம்."