ரெபெல் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்கும் வேலைக்கு நான் போய்க்கொண்டிருந்த காலம். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கும். என் பக்கத்தில் எப்போதும் ஒரு சீனப் பெண்மணி உட்காருவார். அறுபது வயதிருக்கும், மகளோடு இருக்க வந்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தம் சொன்னபோது சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

அன்று ஆசிரியை பலகையில் எழுதிய சொல் 'ரெபெல்'. ஆளைச் சொன்னால் முதல் அசையை அழுத்த வேண்டும், செயலைச் சொன்னால் கடைசி அசையை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்காட்டினார். "என் மகள் ஒரு ரெபெல். தலைமுடிக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறாள்" என்றதும் வகுப்பே சிரித்தது.

எனக்கு அது பழைய சொல். ஊரில் நாங்கள் 'இயக்கம்' என்று சொன்னவர்களை ஆங்கில வானொலி அப்படித்தான் சொல்லும். மட்டக்களப்பில், டியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் தங்கச்சியை அவர்கள்தான் கொண்டுபோனார்கள். அவளுக்குப் பதினாறு வயது. அம்மா முகாம் முகாமாக அலைந்தார். "அவ விரும்பித்தான் வந்தவ" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

மொன்றியலுக்கு வந்த புதிதில் அம்மா சொன்னார்: "அவள்ற கதைய இங்க ஒருத்தரிட்டயும் எடுக்காத புள்ள. நம்மளையும் அந்த ஆக்கள் எண்டு நினைப்பானுகள்." நான் எடுக்கவில்லை. வேலையிடத்தில் புதிதாக ஒரு பெண் முதுகு காட்டி நின்றால் மட்டும், அவள் முகத்தைப் பார்க்கும்வரை எனக்குக் கை ஓடாது.

இருவர் இருவராகச் சேர்ந்து வாக்கியம் எழுதச் சொன்னார் ஆசிரியை. அக்கா தன் மின் அகராதியில் சொல்லைத் தட்டினார். சின்னத் திரையில் மூன்று சீனச் சொற்கள் வந்தன. எங்கள் இருவருக்கும் இருந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். "இது, பிள்ளை அம்மா சொல்லைக் கேட்காதது. இது, அரசனை எதிர்த்துப் படை திரட்டுவது." மூன்றாவது சொல்லைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"அது என்ன அக்கா?"

"இது என் அண்ணனின் கைப்பட்டியில் இருந்த சொல். சிவப்புத் துணி. சீனாவில் புரட்சி என்று பிள்ளைகள் தெருவில் இறங்கிய காலம், அப்போது அது நல்ல சொல். எல்லாரும் கை தட்டினார்கள்."

அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். ஒருநாள் மாணவர்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்து, புத்தகங்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தி, அப்பாவை ஒரு நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். அவர் கழுத்தில் குற்றம் எழுதிய பலகையை மாட்டியது அண்ணன். அடுத்த குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார்.

"அண்ணன் இப்போது எங்கே?"

"ஊரில் இருக்கிறான். புத்தாண்டுக்கு ஃபோன் எடுப்பான். மொன்றியலில் எவ்வளவு குளிர் என்று கேட்பான். நான் சொல்லுவேன். அவன் அழுவான். ஏன் என்று நான் கேட்டதில்லை."

திரையை அணைத்துவிட்டு, "உனக்கு வாக்கியம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ரெபெல்கள் என் தங்கச்சியைக் கொண்டுபோனார்கள்" என்றேன். இந்த நாட்டில் எனக்கொரு தங்கச்சி இருந்ததாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா அகராதியைப் பைக்குள் வைத்தார். "பிறகு அவளையும் ரெபெல் என்று சொல்லியிருப்பார்களே?"

"ஓம் அக்கா."

ஆசிரியை எங்களிடம் வந்து, வாசிக்கலாமா என்று கேட்டார். எங்கள் தாளில் ஒன்றும் இல்லை. அக்கா தலையசைத்து மறுத்தார். ஆசிரியை எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "இண்டைக்கு ஒராளுக்குத் தங்கச்சியப் பத்திச் சொல்லிட்டன் அம்மா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைக் குறைத்தார். "நீ ஒரு நாள்தானே சொன்னாய். நீ வேலைக்குப் போன பிறகு நான் அவளோடதான் கதைச்சிட்டு இருக்கன்" என்றார், கறியைக் கிளறிக்கொண்டே.

திங்கட்கிழமை காலை கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கப் போனேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. அதட்டலும் செல்லமுமாக, பிந்தி வந்த பிள்ளையைக் கேட்பதுபோல.

"இவ்வளவு நேரமும் எங்க நிண்ட நீ?"

பதிலுக்குக் காத்திருப்பதுபோல அம்மா பேசாமல் இருந்தார். நானும் கதவோரம் நின்று காது கொடுத்தேன். பஸ் போய்விட்டது.