அஷ்டமியில் கொடுவா

கொடுவா மீன் பிடிக்க ஆள் பார்த்தது நான்தான். அதனால் பழியும் என்னைத்தான் சேரும்.

அக்காவின் கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அங்கேயே ஒரு தூண்டில் ராடு வாங்கி, பிரிக்காமல் வைத்துக்கொண்டு, யூடியூபில் கொடுவா பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர். ஊருக்கு வந்ததும் கல்யாணம், சுன்னத்து விருந்து, வீட்டு வேலை என்று லீவு கரைந்தது. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. செவ்வாய்க்கிழமை விமானம்.

பாபநாசத்தில் எனக்குச் செருப்புக் கடை. கடைக்கு வருகிற ஒருவர் மூலம், கீழ்வேளூருக்குக் கிழக்கே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தூண்டில்காரர்களைத் தன் பைபர் படகில் அழைத்துப் போகும் மீனவரின் நம்பர் கிடைத்தது. போன் போட்டேன்.

“ஞாயித்துக்கிழமையா? அஷ்டமி பாய், வேணாம். அடுத்த வாரம் வாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்களுக்கு அஷ்டமி நவமியெல்லாம் கிடையாதுண்ணே.”

“அதுக்கில்ல பாய்...”

நான் விடவில்லை. எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போவது தெரிந்துவிட்டதாக நினைக்கிற வியாதி எனக்கு உண்டு. கடைசியில் அவர், “சரி வாங்க, அப்புறம் என்னயச் சொல்லக்கூடாது” என்றார்.

ஞாயிறு விடிகாலையில் படகேறினோம். தண்ணீர் குளம் போல நின்றது. மச்சான் ராடைப் பிரித்து வீசினார், சுருட்டினார், வீசினார். படகுக்கார அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பாலத்தடி, அலையாத்தி ஓரம், முகத்துவாரம் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். பதினொரு மணிவரை ஒரு கடி இல்லை.

“என்னண்ணே, மீனே இல்லையா?” என்றேன்.

“மீன் இருக்கு பாய், தண்ணிதான் ஓடல. அமாவாச, பௌர்ணமிய ஒட்டித்தான் தண்ணி நல்லா ஏறி எறங்கும். அந்த ஓட்டத்துலதான் கொடுவா எரைக்கு வரும். அஷ்டமிக்கு ஓட்டம் செத்துடும். போன்ல அதத்தான் சொல்ல வந்தேன். நல்ல நாளு கெட்ட நாளு பாத்தா நாங்க கடலுக்குப் போவ முடியுமா?”

பிறை பார்க்க வருடாவருடம் மாடிக்கு ஓடுகிறவன் நான். என் கடைக் காலண்டரிலேயே அஷ்டமிக்குப் பக்கத்தில் பிறை ஏழு என்று போட்டிருந்தது. இரண்டும் ஒரே நிலாக் கணக்குதான். மச்சான் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் இரண்டு மணிவரை வீசிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திருச்சி விமான நிலையத்தில் ராடை என் கையில் கொடுத்தார். “பௌர்ணமிக்கு நீ போ மாப்ள.”

போனேன். அதே படகு, அதே பாலத்தடி. தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது வீச்சிலேயே கொடுவா அடித்தது. என் போனை அண்ணனிடம் கொடுத்து மச்சானுக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். திரையில் வேலையிடத்து ஹெல்மெட்டோடு மச்சான். மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி விழுந்தது. “பாத்தீங்களா மச்சான்? எவ்ளோ பெருசு!” என்று கத்தினேன்.

“மீன் கெடக்கட்டும். ராடுகிட்ட போனக் காட்டச் சொல்லு மாப்ள. வளையுதா?”

அண்ணன் போனைத் திருப்பிப் பிடித்தார்.