வகுப்புப் பானை

1973, மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளி. அறிவியல் ஆசிரியையாக எனக்கு முதல் வேலை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எட்டாம் வகுப்பு மாணவர்கள் முறைபோட்டு, பள்ளிக் கிணற்றில் மொண்டு வகுப்புப் பானையை நிரப்புவார்கள்.

2. ஒரு திங்கட்கிழமை, தகர வேலை செய்யும் முஸ்லிம் ஒருவருடைய மகளின் முறை.

3. மத்தியானம் இரண்டு பையன்கள் விடாமல் வாந்தி எடுத்தார்கள்.

4. மறுநாள் பானையை யாரும் தொடவில்லை. அவள் எதையோ கலந்துவிட்டாள் என்ற பேச்சு ஊருக்குள்ளும் போய்விட்டது.

5. புதன்கிழமை அவளுடைய அப்பா வந்தார். "படிச்சது போதுங்க டீச்சர். வூட்லயே இருக்கட்டும், பேரை எடுத்துடுங்க."

இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

வியாழக்கிழமை அந்தப் பையன்கள் வந்திருந்தார்கள். அவள் வரவில்லை. வரலாற்று ஆசிரியர் லீவு என்பதால் எட்டாம் வகுப்புக்கு நான் பாடமெடுத்தேன். இரண்டாம் உலகப் போர். யூதர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரே வரி. புத்தகத்தை மூடிவிட்டு, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்தபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் போட்டதாகச் சொல்லி ஊர் ஊராக அவர்களைக் கொன்றதைச் சொன்னேன்.

"சும்மாவா சொல்லுவாங்க டீச்சர்? எதாச்சும் செஞ்சிருப்பாங்க" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அவங்களும்தான் அந்த நோயில செத்தாங்க. பழி சொன்னவங்க அதை யோசிக்கல."

அந்த வெறுப்பு தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, நம் அப்பா அம்மா காலத்தில் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றதில் முடிந்தது என்றேன். பானையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அன்னிக்கு அவளும் நம்ம பானையிலதானே குடிச்சா?"

வாந்தியெடுத்தவர்களில் ஒருவன் மெல்ல எழுந்தான். "வேலியோரம் காட்டாமணக்குக் கொட்டை தின்னோம் டீச்சர். கடலையாட்டம் இருந்துச்சு. சொன்னா எங்கப்பா தோலை உரிச்சுருவாரு."

"அடப்பாவி, மூணு நாளா வாயைத் தொறந்தியாடா?" என்றான் வாந்தியெடுத்த இன்னொருவன், தனக்கு ஒன்றும் தெரியாதது போல.

"நீயுந்தானடா தின்ன."

அந்த விதை தின்றால் வாந்தி வரும் என்பது தாவரவியல் படித்த எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அந்த இருவரும் முன்வரிசைப் பெண்ணும் தகரக்கடைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளுடைய அப்பா ஒன்றுதான் கேட்டார்: "எங்கிட்ட சொன்னீங்க சரி. ஊர்ல யாரு சொல்றது?"

"நாங்களே சொல்றோங்க" என்றாள் அந்தப் பெண். வழியெல்லாம் கடை கடையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். அவளும் முன்வரிசைப் பெண்ணும் சேர்ந்து பானையை நிரப்பினார்கள். கொட்டை தின்றவன்தான் முதல் டம்ளரைக் குடித்தான்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். நானோ, வகுப்பில் ஒரு பிள்ளையை விட்டு மற்றவர்கள் விலகி உட்கார்ந்தால், பாடத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் கேட்கிறேன்.