எமன் வேஷத்தில் கூப்பிட்ட தங்கை

குலதெய்வத்தைக் கும்பிட்டு, தங்கை எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆன இந்த நாளில், வந்திருக்கும் சொந்தங்களுக்கு இதை எழுதுகிறேன். அதிகம் படிக்காதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை பிறந்தது எரியோடு பக்கம், எங்கள் முருங்கைத் தோட்டத்து வீட்டில். அப்பா காலமானபோது அவளுக்கு ஏழு வயது. அம்மா சந்தைக்குக் காய் சுமந்தார். நான் பள்ளியை நிறுத்திவிட்டு வெள்ளாமையைப் பார்த்தேன். அவள் மட்டும் விடாமல் படித்து, திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

கல்லூரி ஆண்டு விழாவில் பழைய நாடகம் ஒன்று போட்டார்கள். கணவன் உயிரைக் கேட்டு எமனோடு ஒரு பெண் வாதாடும் கதை. தங்கைக்குக் கனத்த குரல். எமன் வேஷம் அவளுக்கு வந்தது.

எங்கள் பக்கம் அந்த வேஷம் கட்டுகிறவர்கள், முகம் கழுவி விபூதி பூசும் வரை யாரையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும், பதில் சொன்னவரை எமன் கொண்டுபோய்விடுவான் என்று பயந்து யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அன்று நாடகம் முடிந்ததும், மையும் கிரீடமுமாகவே இறங்கி வந்தவள் கூட்டத்தில் அம்மாவோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, வா, போவோம். பசிக்குது."

"இந்தா வாரேன்."

அம்மா என் கையைப் பிடித்தார். "ஏலே, வேசத்தோட கூப்பிட்டதுக்கு வாரேன்னுட்டியே."

"எமன் பிரியாணி திங்கத்தாம்மா கூப்பிட்டான்" என்று தங்கை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அதிலிருந்து அம்மா என்னைக் காவல் காத்தார். கிணற்றில் இறங்க விடவில்லை. பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். எமன் ஒரு தடவைதான் கூப்பிடுவான் என்று, யார் கூப்பிட்டாலும் இரண்டாம் தடவைக்குத்தான் பதில் சொல்வேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. தென்னை மட்டை விழுந்தாலும் திடுக்கிட்டேன்.

தங்கை பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போனாள். முதல் நாள் மேடைக் குரலிலேயே பெயர்களைப் படித்திருக்கிறாள். ஒரு பிள்ளை பயந்து பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அன்று அவள் சாப்பிடவில்லை.

"அண்ணே, எமன் ஒரு தடவை பேரைச் சொன்னாப் போதும். பதில் வந்துச்சா இல்லையான்னு அவனுக்கு என்ன? நானும் அப்படிக் கூப்பிட்டா பிள்ளை எப்படி வரும்?"

மறுநாள் முதல் குரலைத் தணித்து, முகம் பார்த்து, பதில் வரும்வரை கூப்பிட்டாள். நாலாம் நாள், மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்றதாம். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மெலிந்ததை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலக் காய்ச்சலை பஸ் அலைச்சல் என்றோம். கண் மஞ்சளான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். நாடகத்தில் எமனோடு வாதாடி ஜெயித்த தோழி கட்டிலருகே நின்றாள். அவளுக்கு வார்த்தை வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் நான் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தேன். பின்னாலிருந்து "அண்ணே" என்றாள். பழகிப்போன நாக்கு முதல் தடவைக்கு எழவில்லை. இரண்டாம் தடவைக்குக் காத்திருந்தேன்.

அது வரவில்லை.

ரத்தம் கொடுத்த தோழிகளுக்கும், தலைமாட்டில் இருந்த நர்ஸம்மாவுக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், அவள் படத்துக்குப் பூ கொண்டுவந்த அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் கைகூப்புகிறேன். உங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்டால், முதல் தடவையே என்னவென்று கேளுங்கள்.

தங்கச்சி, உள்ளேன்.