ரேகை விழாத கட்டைவிரல்

மாங்காய்ப் பால் பட்டு வெந்த விரலில் ரேகை நிற்காது. சித்தூரை ஒட்டிய அந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். எச்.ஆர். அதிகாரிக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. கட்டைவிரலை வைத்தால்தான் கேட்டின் கம்பிக்கதவு திறக்கும்படி ஒரு மிஷினைப் பொருத்தியிருந்தார். வழுவழுத்த விரல் அதற்கு அடையாளம் தெரியாது. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அந்தக் குரலுக்கு ஒரு கழுத்து இருந்தால் நெரித்துவிடலாம் என்று தினமும் நினைப்பேன்.

எண்ணெய்த் தலையில் விரலைத் தேய்த்து வைத்தால் சட்டென்று படியும். எங்கள் பெண்கள் கண்டுபிடித்த வழி அது. உடனே ஒரு ரூல் வந்தது, கேட்டுக்கு வரும்போதே தலையில் தொப்பி இருக்க வேண்டும் என்று. பிறகு மூக்கோரத்துப் பிசுக்கில் விரலைத் தேய்த்தோம். மூக்கைத் தடவிக்கொண்டு நீளமாக ஒரு வரிசை நிற்கும்.

நான் வெட்டுப் பிரிவுக்கு சூப்பர்வைசர். திருப்பதியிலிருந்து ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் சோம்பல் வருமாம், அதனால் எங்கள் ஸ்டூல்களை எல்லாம் தூக்கிவிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி உட்காரும் இரும்பு ஸ்டூல் மட்டும் தப்பியது. கூழ் மிஷினை நிறுத்த வேண்டுமென்றால் ஆபீசுக்கு போன் போட்டு அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வருவதற்குள் மாங்காய் சீசனே முடிந்துவிடும். அதனால் கொட்டை சிக்கினால் ஓடுகிற மிஷினிலேயே கையை விட்டு எடுப்பார்கள்.

புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படித்தான் கையை விட்டாள். அவள் கத்தியது எனக்கு முதலில் கேட்கவில்லை. மஞ்சள் கூழ் சிவப்பாக வருவதைத்தான் பார்த்தேன். யாரையும் கேட்காமல் சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். கையை வெளியே எடுத்தபோது வலது கட்டைவிரல் முதல் கணுவோடு அறுந்திருந்தது. அறுந்த துண்டு ஒரு தோலில் தொங்கியது. என் துப்பட்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டி அவளை கேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் ரத்தம்.

எச்.ஆர். அங்கே நின்றிருந்தார். "முந்து அவுட் பஞ்ச் செய்யமனண்டி. கேட் தருவாத்தனே," என்றார் தெலுங்கில். முதலில் அவள் ரேகை வைக்க வேண்டுமாம், கேட் அப்புறம்தானாம்.

"கட்டை வெரலே இல்ல சார். எத்த வெப்பா?" என்றேன்.

பஞ்ச் இல்லாமல் போனால் சிஸ்டத்தில் அவள் உள்ளே இருப்பதாகக் காட்டுமாம். ஆடிட்டில் பதில் சொல்ல முடியாதாம். செக்யூரிட்டி இடுப்புச் சாவியைத் தொட்டார். எச்.ஆர். முறைத்ததும் கையை எடுத்துக்கொண்டார். "அக்கா, கண்ணு இருட்டிகினு வருதுக்கா," என்று அவள் என்மேல் சாய்ந்தாள்.

அப்போதுதான் அந்த எச்.ஆர். ஆள் அதைச் செய்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, துணியை விலக்கி, அந்தப் பிய்ந்த சதையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடி முழுக்க ரத்தம். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது மிஷின்.

நான் அந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கினேன். முதல் அடியில் மிஷின் சுவரிலிருந்து பிய்ந்து ஒயரில் தொங்கியது. கரண்ட் போனதும் கம்பிக்கதவு தானாக விட்டுக்கொடுத்தது. அவ்வளவுதான் அதன் பலம். இரண்டாவது அடி எச்.ஆரின் தோளில். கை தவறிப் பட்டதில்லை, குறிபார்த்துத்தான் அடித்தேன். எலும்பில் ஸ்டூல் இறங்கிய அதிர்வு என் முழங்கை வரை வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் வரும்வரை இருந்தேன். விரலை ஒட்ட முடியவில்லை. போலீசுக்குப் போவோம் என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. "வாங்க, நானும் அங்கதான் வரேன்," என்று வைத்துவிட்டேன். யாரும் போகவில்லை. வேலையை விட்டேன் என்று தனியாக ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

திரும்பும் ரயில் பாகாலாவில் நின்றபோது பயங்கரமாகப் பசித்தது. நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருந்த கையோடு வடை வாங்கித் தின்றேன். கழுத்து அடையாள அட்டையைக் கழற்றித் தண்டவாளத்தில் எறிந்தேன். மறுநாள் காலை வெயில் ஏறும்வரை தூங்கினேன். எந்த மிஷினுக்கும் நான் யாரென்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது உடம்பெல்லாம் தெரிந்தது. வருஷக்கணக்கில் அப்படி மூச்சு விட்டதில்லை.

அடுத்த சீசனில் அவள் திருமலைக்கு வந்தவள் என் வீட்டுக்கும் வந்தாள். மறுபடி அங்கேயே வேலைக்குப் போகிறாளாம்.

"எடது கைய பதிஞ்சிகினாங்கக்கா. புது மிஷினு. டக்குனு தொறக்குது."

"வேற ஒண்ணும் மாறலியா?"

"மாறிச்சே. கேட்டாண்ட இப்ப ஸ்டூலு வெக்கறதில்ல. பாவம், செக்யூரிட்டியும் நின்னுகினே கீறாரு."

காபி டம்ளரை அவள் இடது கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அந்த ஸ்டூலைத் தூக்கிய என் கையைத் துவைக்கிற கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.