பூங்காவனம் மன்னிக்கவில்லை

பூங்காவனம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவள் அண்ணன் ஏழுமலை. கள்ளக்குறிச்சியில் ஒரு காதுகுத்து விழாவுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுத நேரத்தில் கைப்பேசி அடித்தது. “கஸ்தூரிம்மா, தங்கச்சி பூட்டாம்மா” என்றார். மூச்சுக்கோளாறோடு அவள் மருத்துவமனையில் கிடந்தது தெரியும். ஆனாலும் எழுந்து வந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். கோபம் தீராமல் அவள் எங்கும் போகமாட்டாள் என்று நம்பியிருந்தேன்.

சங்கராபுரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் என் பொறுப்பு. அவளும் கல்யாணத்துக்கு வருவாள். ஆனால் மணமகளை விட்டுவிட்டு மாலையிலிருக்கும் சம்பங்கியை எடுத்துக்கொண்டிருப்பாள். கிட்டத்தில் படமெடுக்கும் லென்ஸ் வாங்க வசதியில்லாத காலத்தில், இருந்த லென்ஸையே கழற்றி முன்பக்கம் பின்னாகத் திருப்பிப் பொருத்திக்கொள்வாள். அதன் வழியே பார்த்தால் சாமந்தி மகரந்தம் மஞ்சள் ரவையைக் கொட்டிவைத்தது போலத் தெரியும். இலேசாகக் காற்று அடித்தாலும் படம் கலங்கிவிடும். அதனால் செடிக்குப் பக்கத்தில் குடையை விரித்து வைத்துவிட்டு, தானும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள். ஒருமுறை களமருதூரில் வரப்பின் மேல் குப்புறப் படுத்து அவள் அப்படி அசையாமல் இருந்ததைப் பார்த்து, பாம்பு கடித்துவிட்டதென்று களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறியடித்து ஓடிவந்தார்கள். “சும்மா இருங்கடி, பூ ஆடுது” என்று இவள் அவர்களைத் திட்டினாள்.

அழகான படங்களைப் பாராட்டினால் அவளுக்குப் பிடிக்காது. “பூவ அழகா எடுக்க எவனாலயும் முடியும். அதுக்கு இன்னா நோவுன்னு எடுத்துக் காட்டணும்” என்பாள். அப்படிப்பட்டவளின் அழகான படம் ஒன்றுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணமாயிற்று.

அது ஒற்றைச் செண்டுமல்லி. தோழி ஒருத்தியின் கொல்லையில், பழைய பூவிலிருந்து உதிர்த்துத் தூவிய விதையில் மலர்ந்தது. மடிப்பு மடிப்பாக அத்தனை இதழ்களும் தனித்தனியே தெரியும்படி எடுத்திருந்தாள். ஸ்டுடியோ சுவரில் அதைப் பார்த்த ஒரு விதைக்கடைக்காரர், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பிரதி வேண்டுமென்று வாங்கிப் போனார். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவளுக்கான இந்த அஞ்சலிப் பக்கத்தில் அவருக்கு இடமில்லை.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் சங்கராபுரம் முதல் வெள்ளிமலை வரை பேருந்து நிறுத்தங்களிலெல்லாம் பேனர் கட்டியிருந்தது. எங்கள் கடை விதையில் பூத்த பூ என்று எழுதி, அந்தச் செண்டுமல்லியைப் போட்டிருந்தார். அது தங்கச்சி எடுத்த படம் என்று ஏழுமலைக்குத் தெரியும். அவள் பொய் சொல்லமாட்டாள் என்றும் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குத்தகை நிலம் முழுக்க அந்த விதையைத்தான் போட்டார். செடி இடுப்பு உயரம் வளர்ந்தது, இலையாகத் தழைத்தது, மொட்டு வைக்கவில்லை. கடைசியில் வைத்த சில பூக்களும் காய்ந்த பொத்தானைப் போல இருந்தன. பக்கத்து ஊர்களிலும் அதே கதை.

பூங்காவனம் கேமராவோடு அண்ணன் நிலத்துக்கு ஓடினாள். நானும் உடன் போனேன். ஏழுமலை வரப்பிலேயே வழிமறித்தார். “உன் போட்டோவ நம்பிதான்டி வெதச்சேன். இப்ப இன்னா எடுக்க வந்த? போ” என்றார். அவர் கத்திக்கொண்டே இருந்தார். இவள் மண்டியிட்டு ஒவ்வொரு செடியாகப் படமெடுத்தாள். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட கேமராவிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த நட்டத்தில் ஏழுமலை குடும்பத்தோடு கேரளத்துக்கு எஸ்டேட் வேலைக்குப் போனார். தங்கையோடு பேச்சு நின்றுபோனது.

அன்று நிலத்திலிருந்து பூங்காவனம் நேராக விதைக்கடைக்குப் போய்க் கேட்டாள். கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, குடிக்கக் கலர் வரவழைத்துக் கொடுத்தார். “ஒரு பூதானம்மா. இது இன்னார் கொல்லைப் பூன்னு அது மேல எழுதியா வச்சிருக்கு?” என்று சிரித்தார். பூங்காவனம் அந்தக் கலரைத் தொடவில்லை. வெளியே வந்ததும், “இவன நான் வுடமாட்டேன் கஸ்தூரி” என்றாள். அதை உரக்கக்கூடச் சொல்லவில்லை.

ஆண்டுகள் ஓடின. அவள் மறந்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். அந்த மனிதர் பெரிய ஆளானார். காளான் விதையும் விற்கத் தொடங்கினார். புதுக் கடை ஒன்றைக் கட்டி முடித்ததும் மறுபடி எங்களைத் தேடி வந்தார். சுவரை நிறைக்கும்படி பூவும் காளானும் பெரிய பெரிய படங்களாக வேண்டுமாம். “கிட்ட வச்சு எடுக்கறதுல உன்ன மாதிரி ஆள் இந்தப் பக்கம் கிடையாதும்மா” என்றார். பழையதெல்லாம் அவர் நினைவிலேயே இல்லை. பூங்காவனம் சரி என்றாள். அவர் போனதும் நான் அவளோடு சண்டை போட்டேன். “உங்க அண்ணன் வயித்துல அடிச்சவனுக்கா படம் எடுத்துக் குடுக்கப் போற?” என்று கேட்டேன். “ஆமா, அவனுக்குத்தான் எடுக்கப்போறேன்” என்றாள்.

வெள்ளிமலைப் பக்கம் சின்னப்பொண்ணு என்பவர் காளான் கொட்டகை போட்டிருந்தார். இந்தக் கடையில் வாங்கிய விதைதான். பைகளில் வெள்ளைப் பூசணம் படர்வதற்குப் பதிலாகப் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. நெடி வாசல்வரை அடித்தது. பூங்காவனத்துக்கு அப்போதே மூச்சு இழுக்கும்; பூசணம் பிடித்த இடத்துக்குள் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். பச்சை வெல்வெட்டைப் போல மின்னிய பூசணத்தையும், அழுகிய வைக்கோலில் தலை நீட்டிய புழுவையும் ஆற அமர எடுத்தாள். “இன்னாத்துக்கும்மா இந்தக் கண்றாவிய எடுக்கறீங்க?” என்று சின்னப்பொண்ணு கேட்டார். “கடத் தெறப்புக்கு வாங்க, தெரியும்” என்றாள். ஏமாந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் அதையே சொன்னாள். கேரளத்திலிருந்த அண்ணனுக்கும் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள்.

கடைக்காரரிடம் அவள் காட்டியது வேறு படங்கள். சிப்பிக்காளான் விசிறி விரித்தாற்போல இருந்தது, செண்டுமல்லி தகதகத்தது. அவர் மகிழ்ந்துபோனார். திறப்பு நாளன்று காலையில் படங்களை அவளே தன் கையால் மாட்டினாள். பட்டுத்துணி போட்டு மூடினாள்.

மேளம் முழங்கியது. வந்திருந்த பிரமுகர் நாடாவை வெட்டிவிட்டுப் பட்டுத்துணியை இழுத்தார். சுவர் முழுக்கப் பச்சைப் பூசணம். ஆள் உயரத்துக்குப் புழு. அடுத்த துணி விலகியதும் மொட்டில்லாத செண்டுமல்லி, கருகிய பொத்தான் பூ. ஒவ்வொன்றின் கீழும் வளர்த்தவர் பெயர், ஊர், இந்தக் கடை விதை என்ற வரி. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். “இன்னாம்மா இது?” என்று கடைக்காரர் கத்தினார். பூங்காவனம் முன்னால் வந்தாள். “உங்க கடைல மொளச்சதுதாங்க. நல்லா கிட்டப் போய்ப் பாருங்க” என்றாள்.

கூட்டத்திலிருந்து சின்னப்பொண்ணு, “இது என் கொட்டாயிங்க” என்றார். பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். பிரமுகர் காரில் ஏறிவிட்டார். கடைக்காரர் முகத்தில் அன்று பார்த்த பயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது. அஞ்சலி எழுதுகிற இடத்தில் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

ஏழுமலை தன் பெயர் எழுதிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தங்கையிடம் வந்து, “வூட்டுக்கு வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போ” என்றார். அன்றுதான் அவள் வாய்விட்டு அழுததைப் பார்த்தேன்.

அந்தக் கடை அதன் பிறகு ஊரில் எழவே இல்லை. பதிலுக்குக் கடைக்காரர் ஆள் வைத்து எங்கள் ஸ்டுடியோவை அடித்து நொறுக்கினார். கட்டிடச் சொந்தக்காரரைப் பிடித்து எங்களைக் காலி செய்யவும் வைத்தார். பூங்காவனம் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே, “அவனுக்கு வலிச்சிருக்குடி” என்று சிரித்தாள். நாங்கள் வேறு தெருவில் கடை போட்டோம்.

மருத்துவமனையில் அவளைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், இனியாவது அந்த மனிதரை மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்றார். அவள் மூக்கிலிருந்த குழாயை விலக்கினாள். “நான் மன்னிச்சா, கேரளாவுல எங்கண்ணன் தேஞ்ச வருசமெல்லாம் திரும்ப வந்துடுமா? மனசு கனமாவே இருக்கட்டும். தூக்கிக்கினு போறேன்.” அவள் தெளிவாகப் பேசி நான் கேட்ட கடைசி நாள் அது.

சாவு வீட்டுக்கு அந்த விதைக்கடைக்காரர் வந்தார், கையில் மாலையோடு. அவள் காலடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டார். நான் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். “அவ ஏத்துக்கமாட்டா. எடுத்துக்கினு போங்க.” சாவு வீட்டில் இதென்ன என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஏழுமலை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “அதான் சொல்றாங்களே. கெளம்பு” என்றார். மாலையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் அவர் திரும்பி நடந்தார்.

அவள் சாந்தியடைய வேண்டுமென்று எழுதச் சொன்னார்கள். எழுதமாட்டேன். அவளுக்குச் சாந்தி தேவைப்பட்டதே இல்லை. அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். அது ஆறாமல் பார்த்துக்கொள்கிறேன். அந்த மனிதர் இப்போது வேறு ஊரில், வேறு பெயரில் கடை வைத்திருக்கிறார். அங்கே விதை வாங்கி ஏமாந்த ஒருவர், பிடுங்கிய செடியை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போன வாரம் எங்கள் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்.

“பூங்காவனம் அக்கா இருக்காங்களா?”

“நான் இருக்கேன். உள்ள வாங்க” என்றேன்.